முடியை வீழ்த்தியவர் முடி சூட்டிய கதை



1789 யூலை 14இல் பாரிஸ் மக்கள் பஸ்தீல் கோட்டையைக் கைப்பற்றினர். 1792இல் முடியாட்சி ஒழிந்தது. 1793 சனவரியில் பதினாறாம் லூயி மன்னனின் தலை உருண்டது. ஆயின், புரட்சியைக் காக்கப் புறப்பட்டோர் தம் தோழர்களையே கொலைக்கருவிக்கு இரையாக்கினர். தாந்தோனை 1794 ஏப்ரலில் பலியிட்ட றொபெஸ்பியர், யூலையில் தாமும் பலியானார்.

போராலும் பஞ்சத்தாலும் அச்சத்தாலும் களைத்த மக்கள், அமைதி தருவான் ஒருவனை நாடினர். 1799 நவம்பரில் தளபதி நெப்போலியன் படைபலத்தால் ஆட்சியைப் பறித்தான். புரட்சி 1794இல் ஒழித்த அடிமை முறையைக் குடியேற்ற நாடுகளில் 1802இல் மீண்டும் நிறுவினான். 1804இல் வாக்கெடுப்பு நடந்தது. பேரரசை ஏற்றோர் 35 இலட்சத்துக்கு மேல். மறுத்தோர் மூவாயிரத்துக்கும் குறைவு என அரசு அறிவித்தது. டிசம்பர் 2இல் அவன் தன் கையாலேயே முடி சூடினான்.

அன்பர்களே! மன்னனை வீழ்த்திய மக்கள், அச்சத்தை வீழ்த்த மறந்தனர். அவ்வச்சமே பேரரசனுக்கு அரியணையாயிற்று!