பொற்பீப்பாக் கள்ளி

கள்ளி என்றதும் வேலியோரத்து நாகதாளியே நேயர்களின் நினைவுக்கு வரும். அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அதே குடும்பத்தைச் சேர்ந்தது மெக்சிக்கோ நாட்டின் பொற்பீப்பாக் கள்ளி. உருண்டு திரண்ட உடல். அதன்மேல் வரிவரியாய் எழுந்த விலாக்கள். அவற்றை மூடிய பொன்னிற முட்கள். அந்நாட்டு மக்கள் இதனை ‘மாமியார் ஆசனம்’ என வேடிக்கையாக அழைப்பதுண்டு.

மழை அருகிய மலைச் சரிவுகளே இதன் தாயகம். இலைகள் முட்களாக மாறியமையால் நீரிழப்புக் குறைகின்றது. மழை பெய்ததும் விலாக்கள் விரிந்து நீரைச் சேமிக்கும், வறட்சியிற் சுருங்கும். தோலிலுள்ள நுண்டுளைகள் பகலில் மூடியிருந்து, இரவின் குளிர்ச்சியிலே திறந்து காற்றை உட்கொள்ளும். வளர்ச்சியோ மிக மெதுவானது. பூக்கும் பருவத்தை அடையப் பல்லாண்டுகள் செல்லும்.

1886 ஆம் ஆண்டில் இக்கள்ளி விஞ்ஞானப் பெயர் பெற்றது. அழகை விரும்பியோர் காட்டுச் செடிகளைத் தோண்டி எடுத்தனர். பின்னர், 1990களில் மொக்தெசூமா ஆற்றின் குறுக்கே சிமாப்பான் அணை எழுந்தது. பள்ளத்தாக்கில் நீர் நிறைந்தபோது, இக்கள்ளி வாழ்ந்த சரிவுகளிற் பெரும்பகுதி மூழ்கிற்று. நீர் ஏறுமுன் பெயர்த்தெடுக்கப்பட்ட செடிகள் சில தாவரப் பூங்காக்களிற் புகலிடம் பெற்றன.

இன்று உலகெங்கும் தோட்டங்களில் இச்செடி மலிந்து கிடக்கின்றது. தாயகத்திலோ அழிவின் விளிம்பில் நிற்கின்றது. தோட்டத்தில் இத்தனை இருக்கையிற் கவலை எதற்கு என்று கேட்கலாம். தோட்டக்காரர் தமக்குப் பிடித்த சாயலையே தெரிந்து பெருக்குவர். நீரும் நிழலும் அளித்து வளர்ப்பர். மலைச் சரிவிலோ வறட்சியும் பாறையுமே தேர்வாளர். அங்கே தப்பிப் பிழைத்த செடிகளின் வித்திலேதான் இனத்தின் உரமும் வேறுபாடும் தங்கியுள்ளன. அவற்றின் மஞ்சட் பூக்களை நாடிவரும் தேனீக்களையும் தொட்டியிலிட்டுக் காக்க முடியாது.

2015 ஆம் ஆண்டில் வெளியான உலகளாவிய ஆய்வொன்று, கள்ளி இனங்களுள் நூற்றுக்கு 31 அழியும் ஆபத்தில் உள்ளதெனக் கண்டது. கள்ளிகளின் சர்வதேச வர்த்தகத்தை உடன்படிக்கையொன்று கட்டுப்படுத்துகின்றது. ஆயினும், சட்டத்தின் கண் எட்டாத மலைகள் பல. வித்திலிருந்து வளர்த்த செடியை மட்டுமே வாங்குவோம் என வாங்குவோர் உறுதி கொள்வாராயின், காட்டுச் செடியைத் தோண்டுவோனுக்குச் சந்தை இராது. எஞ்சிய சரிவுகளைக் காப்பதோ அரசின் கடன். இவ்விரண்டும் கூடினாலன்றிப் பொற்பீப்பாக் கள்ளி தன் மண்ணிலே நிலைபெறாது.