வரைபடம் சொல்லும் விதைப்பாடம்



கென்யாவில் உகாலி, ஜிம்பாப்வேயில் சட்ஸா. பெயர்தான் வேறு. இரண்டும் மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கெட்டியாகக் கிளறும் களிதான். அங்கே மக்காச்சோளம் பெரும்பாலும் மானாவாரிப் பயிர். மழை பொய்த்தால் வீட்டில் உலை கொதிக்காது.

அதனால்தான் மெக்சிகோவைத் தலைமையிடமாகக் கொண்ட சிமிட் ஆய்வு மையம், ஆப்பிரிக்க நாடுகளோடு சேர்ந்து வறட்சி தாங்கும் ரகங்களை உருவாக்கி வருகிறது. ஆனால் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரே பக்கம் நன்றாக விளைந்த ரகம் வேறு எங்கெல்லாம் விளையும்? ஊர் ஊராக விதைத்துப் பார்க்க ஆளும் போதாது, பணமும் போதாது.

இங்கே கைகொடுப்பது டிஜிட்டல் வரைபடம். பருவமழையின் அளவு, உச்ச வெப்பம், அடிமண்ணின் அமிலத்தன்மை என மூன்று தகவல்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஒரே இயல்புள்ள நிலங்கள் தனித்தனி மண்டலங்களாகப் பிரிந்து தெரிகின்றன. நாட்டின் எல்லைக்கோடு அங்கே கணக்கில்லை. மண்டலத்துக்குச் சில சோதனை வயல்கள் இருந்தால், ரகத்தின் போக்கு பிடிபட்டுவிடும்.

பூச்சியைக் கண்காணிக்கவும் வரைபடம் உதவுகிறது. 2016-இல் ஆப்பிரிக்காவுக்குள் மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு புகுந்தது. 2018-இல் இந்தியாவுக்கும் வந்த அதே புழுதான். வயலில் செடிகளைச் சோதித்து, கண்டதைக் கைபேசியில் பதிவுசெய்ய ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு ஒரு செயலி தந்தது. அந்தப் பதிவுகள் வரைபடத்தில் சேரும்போது புழு பரவும் திசை தெரிகிறது.

விவசாயி வயலில் கண்டது ஆய்வாளரின் திரைக்குப் போக வேண்டும். ஆய்வாளர் அறிந்தது நல்ல விதையாக வயலுக்குத் திரும்ப வேண்டும். வரைபடத்தின் பயன் அதுதான்.