ஆலை வாய்க்காலும் ஆற்று நீரும்



விடியற்காலையில் நீங்கள் சீவிய மரத்தின் பால் நண்பகலுக்குள் ஆலையைச் சென்றடைகிறது. அங்கே அது தொட்டியில் ஊற்றப்பெற்று, நீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் சேர்க்கப்பெற்று உறைகிறது. உறைந்த ரப்பர் உருளைகளுக்கிடையே பிழியப்பட்டு உலர்த்துவதற்குச் செல்கிறது. பாலில் ரப்பராக இருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எஞ்சிய நீரும், தொட்டி கழுவிய நீரும் எங்கே போகின்றன? அரசாங்கம் தனிச் சட்டவிதி இயற்றி விடை தேடவேண்டியிருந்த கேள்வி இது. ஆறுகளைக் காக்க அரசாங்கம் எவ்வாறு திட்டமிடுகிறது என்பதை இந்த வாய்க்காலிலிருந்தே விளக்க விரும்புகின்றோம்.

அந்த எஞ்சிய நீரில் நஞ்சு என்று சொல்லத்தக்க பொருள் அதிகமில்லை. சர்க்கரையும் புரதமும் சிறிதளவு அமிலமுமே அதில் உள்ளன. அப்படியானால் தீங்கு எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். சர்க்கரையும் புரதமும் நுண்ணுயிர்களுக்கு உணவு. அவை ஆற்றில் பெருகி அந்த உணவை உண்ணும்போது, நீரில் கரைந்துள்ள உயிர்வளியையும் உறிஞ்சிவிடுகின்றன. மீனுக்கு மூச்சு விட வழியில்லாமற் போகிறது. நீர் கறுத்து நாறுகிறது. கழிவு நீர் இவ்வாறு எவ்வளவு உயிர்வளியைத் தின்னும் என்பதை அளந்து அறியலாம். நம் நாட்டில் ரப்பர் ஆலை, செம்பனை ஆலைக் கழிவுநீரை 30 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்து இதைக் கணக்கிடுகின்றனர். 'உயிர்வளித் தேவை' என்பது அந்த அளவின் பெயர். அளக்க முடிந்த பின்னரே வரம்பு விதிக்க முடியும். ஆகவே இதுதான் திட்டத்தின் அடித்தளம்.

1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு சுற்றுச்சூழல் பகுதி அமைந்தது. அப்போது நம் நாட்டு ஆறுகளைப் பெரிதும் கெடுத்தவை இரண்டு: செம்பனை எண்ணெய் ஆலையும் ரப்பர் ஆலையும். நாட்டிற்குச் சோறு போட்ட தொழில்கள் இவையே. மூடிவிட்டால் தோட்டத்துக் குடும்பங்கள் என்னாகும்? விட்டுவிட்டால் ஆற்றோரக் கம்பங்களில் வாழ்வோர் என்னாவார்? இங்கேதான் திட்டமிடுதல் என்பதன் பொருள் விளங்குகிறது.

செம்பனைக்கு 1977இலும் ரப்பருக்கு 1978இலும் தனித்தனி விதிகள் வந்தன. ஆலைகள் உரிமம் பெற்றே இயங்கவேண்டும் என்றாயிற்று. செம்பனை ஆலையின் கழிவுநீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் உயிர்வளியைத் தின்னக்கூடியது. அதை 1978இல் 5,000க்கு இறக்கச் சொன்னார்கள். பின்னர் படிப்படியாகக் குறைத்து, 1984இல் 100 என்று முடித்தார்கள். மேலும், ஆற்றில் விடும் அழுக்கின் எடைக்கேற்ப உரிமக் கட்டணமும் விதிக்கப்பட்டது. முதல் ஆண்டு வரம்பு மிகவும் தளர்ச்சியானது என்று அன்றே குறை கூறியவர்கள் உண்டு. ஆனால் அவ்வளவு கழிவைத் தூய்மைப்படுத்தும் முறை அப்போது எவரிடமும் ஆயத்தமாக இல்லை. காலம் கொடுத்து, ஆனால் கடைசி நாளையும் முன்கூட்டியே குறித்துக் கொடுத்தது நல்ல முறை என்பதே நமது கருத்து.

ரப்பர் ஆலைகளுக்குப் பின்புறம் நீங்கள் காணும் குளங்கள் இவ்வாறு தோன்றியவையே. முதற்குளம் ஆழமானது, அங்கே காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. அடுத்துள்ள ஆழங்குறைந்த குளங்களில் பாசியும் வெயிலும் காற்றும் எஞ்சிய வேலையைச் செய்கின்றன. ஆற்றில் நடக்கவேண்டிய அதே வேலை, ஆற்றுக்கு வெளியே, பல நாள் எடுத்து நடக்கிறது. குளம் சேறு நிறைந்து மேடிட்டுவிட்டால் நீர் தங்கும் நாள் குறையும். பாதி தூய்மையோடு வெளியேறும். குளம் தூர்வாரப்படுகிறதா என்பது சிறிய செய்தியன்று.

இனி நகரத்துக்கு வருவோம். கிள்ளான் ஆறு கோலாலம்பூரின் வடகிழக்கிலுள்ள குன்றுகளில் தோன்றி, மஸ்ஜிட் ஜாமேக் அருகே கோம்பாக் ஆற்றுடன் கூடி, பிரிக்பீல்ட்ஸைத் தொட்டுக்கொண்டு கிள்ளான் நகர் வழியாகக் கடல் சேர்கிறது. அதன் நீளம் 120 கிலோமீட்டர். இந்த ஆற்றில் விழுவது பெரும்பாலும் மக்களின் சொந்தக் கழிவே. பழைய வீடுகளில் கழிப்பறை நீர் மட்டுமே மலத்தொட்டிக்குப் போகும். சமையலறை நீரும் குளித்த நீரும் தெருக் கால்வாய் வழியே நேராக ஆற்றுக்குப் போகும். உணவுக் கடைகளின் எண்ணெயும் அவ்வழியே.

சாக்கடைப் பணி முன்னாளில் நகராண்மைக் கழகங்களின் கையில் இருந்தது. 1993இல் கழிவுநீர்ச் சேவைச் சட்டம் வந்து, அப்பணி இண்டா வாட்டர் நிறுவனத்தின் பொறுப்பாயிற்று. 2000இல் அந்நிறுவனத்தை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. பிரிக்பீல்ட்ஸுக்கு அருகில் பந்தாயில் இன்று ஒரு பெரிய நிலையம் பூமிக்கடியில் இயங்குகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்று வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 14 இலட்சம் பேருக்காக அது கட்டப்பட்டது. மேலே பூங்கா, கீழே சுத்திகரிப்பு. 2011இல் தொடங்கிய 'வாழ்வுநதி'த் திட்டமும் இவ்வாற்றையே குறித்தது.

இவ்வளவும் நகரத்தார் கதைதானே, நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டா. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி சிலாங்கூர் ஆற்றிலிருந்து வருகிறது. அதுவும் போதாமல், பகாங் நீரைக் கொணர 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் மலைக்கடியில் வெட்டப்பட்டது. நகரம் அருந்தும் நீர், தோட்டமும் ஆலையும் உள்ள மேட்டுப் பகுதிகளைக் கடந்தே வருகிறது. அதனால்தான் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே கழிவு விடும் தொழிற்சாலைக்கு உயிர்வளித் தேவை 20 மில்லிகிராம் என்றும், கீழே விடுவதற்கு அதைவிடத் தளர்ந்தது என்றும் இருவேறு வரம்புகள் உள்ளன.

2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஓடும் சுங்கை கோங் என்னும் சிற்றோடையில் யாரோ விட்ட கழிவு சிலாங்கூர் ஆற்றில் கலந்தது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 12 இலட்சம் கணக்குகளுக்குக் குடிநீர் நின்றது. குழந்தைக்குப் பால் கலக்கவும் நீரின்றி, வாளியுடன் லாரிக்காக வரிசையில் நின்ற தாய்மார்களை நாம் கண்டோம். சுத்திகரிப்பு நிலையம் சேற்றையும் கிருமியையும் நீக்கும். எண்ணெய், இரசாயன நாற்றத்தை நீக்க அது அமைக்கப்படவில்லை. பிறகு 2024இல் சட்டம் திருத்தப்பட்டு, அபராதத்தின் உச்சவரம்பு ஒரு கோடி வெள்ளியாயிற்று. அபராதம் உயர்ந்தது சரியே. ஆனால் ஓடை கெட்ட அந்த இரவில் ஓடையருகே அதிகாரி எவரும் இருப்பதில்லை. அங்கே குடியிருப்பவரே இருக்கிறார்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். லயத்துக்கருகே ஓடும் நீர் திடீரென நிறம் மாறினாலோ, மீன் செத்து மிதந்தாலோ, நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாலத்தருகே, எந்த வாய்க்கால் வாயில் என்பதையும் எழுதுங்கள். கைப்பேசி இருந்தால் படம் எடுங்கள். நீரைக் கையால் தொட வேண்டா. தோட்ட நிர்வாகத்திடமோ தொழிற்சங்கக் கிளைத் தலைவரிடமோ கூறலாம். நேராகச் சுற்றுச்சூழல் துறையின் மாநில அலுவலகத்துக்கும் தெரிவிக்கலாம். நீரில் கலந்த கழிவு சில மணி நேரத்தில் கீழே போய்விடும். மறுநாள் வரை காத்திருந்தால், பார்க்க வரும் அதிகாரிக்கு அங்கே தெளிந்த நீர்தான் கிடைக்கும்.