பூக்கடைக்கும் விளம்பரம் வேண்டுமா?

'பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?' என்பது நம்மவர் வழக்கு. நல்ல பண்டம் தன் மணத்தாலேயே விலைபோகும், தரமற்றதை விற்பவனுக்குத்தான் ஆரவாரம் வேண்டும் என்பது அதன் கருத்து. இக்கருத்து எவ்வளவு தூரம் உண்மை என்பதை, பம்பாய் மாநகரில் தோன்றிய ஒரு விளம்பர ஆலோசனை ஸ்தாபனத்தின் வரலாற்றைக் கொண்டு இன்று ஆராய்ந்து பார்ப்போம்.

பம்பாயிலோ டில்லியிலோ அகமதாபாத்திலோ குடியேறிய தமிழர் எவரும், சிவப்புப் புள்ளியிட்ட வெள்ளைச் சட்டையும் நீலக் கூந்தலும் கொண்டு, நாற்சந்தியில் குறும்பாகச் சிரிக்கும் ஒரு சிறுமியைக் கண்டிருப்பர். அமுல் வெண்ணெயின் சிறுமி அவள். ஊரின் மொழி நம் நாவுக்குப் பழகுமுன்னரே, ஊரார் எதைப் பற்றிப் பேசுகின்றனர் என்பதை அவள் நமக்குச் சொல்லிவிடுகிறாள். அவளை உருவாக்கியவர்கள் யார்?

அவர்களைப் பற்றிச் சொல்லுமுன் பாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். குஜராத்தின் கேடா மாவட்டத்துக் குடியானவர்கள், தம் பாலைத் தனி முதலாளி ஒருவரின் நிறுவனத்துக்கு அவர் வைத்த விலைக்கே கொடுக்கும் நிலையில் இருந்தனர். சர்தார் படேலின் ஆலோசனைப்படி அவர்கள் பால் கொடுக்க மறுத்துப் போராடினர். அதன் பயனாக 1946-ஆம் ஆண்டில் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1949-இல் ஆனந்த் நகருக்கு வந்த வர்கீஸ் குரியன் என்ற பொறியாளர் பின்னர் அதன் நிர்வாகத்தை ஏற்றார். கோழிக்கோட்டில் பிறந்த அவர், சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பயின்றவர். வேற்றூரில் வேலைக்குச் சென்று, அவ்வூரையே தம் ஊராக்கிக்கொண்ட அவருடைய வாழ்க்கை நமக்கெல்லாம் நெருக்கமானது.

சங்கத்தின் வெண்ணெய் நல்ல வெண்ணெய்தான். ஆயினும், எருமைப் பாலில் கடைந்த அது வெண்ணிறமாக இருந்தது. பழைய நிறுவனத்தின் மஞ்சள் நிறத்துக்கும் உப்புச் சுவைக்கும் பழகிய பம்பாய் மக்கள் இதை உடனே விரும்பவில்லை. சங்கத்தார் மக்களின் சுவையை அறிந்து தம் பண்டத்தைச் சற்று மாற்றிக்கொண்டனர். பூக்கடைப் பழமொழி இங்கேயே தளர்வதைக் காண்கிறோம். பண்டம் நல்லதாக இருப்பது ஒன்று. வாங்குபவர் மனத்தில் அது இடம்பெறுவது வேறொன்று.

1966-ஆம் ஆண்டில் இந்த வெண்ணெயின் விளம்பரப் பொறுப்பு, சில்வெஸ்டர் டி குன்யா என்பவர் தலைமை வகித்த பம்பாய் விளம்பர நிறுவனத்திடம் வந்தது. பின்னர் அவர் தம் பெயரிலேயே தனி ஸ்தாபனம் கண்டு அப்பணியைத் தொடர்ந்தார். அக்காலத்து உணவு விளம்பரங்கள் பெரும்பாலும் சத்து, சுத்தம், குடும்ப நலம் என்று உபதேசம் செய்பவை. சில்வெஸ்டர் அவ்வழியை விட்டு நகைச்சுவையை நாடினார். ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸ் சிறுமியைத் தீட்டினார். 'அட்டர்லி பட்டர்லி' என்ற சொற்றொடர், ஆங்கில இலக்கியம் கற்பித்த சில்வெஸ்டரின் துணைவியார் நிஷாவின் யோசனையில் பிறந்தது. இலக்கணத்துக்கு அது பொருந்தாது. ஆயினும், நாவில் ஒருமுறை ஏறினால் இறங்காது.

சிறுமியின் உருவம் அத்தனை எளிமையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சங்கத்திடம் பெரும் பணம் இல்லை; சாலையோரப் பலகைகளும் விளக்குக் கம்பங்களுமே மலிவான இடங்கள். அந்நாட்களில் பலகைகளைக் கையால் எழுதுவார்கள். அடிக்கடி மாற்றவும் வேண்டும். ஆதலின், எந்த ஊர் ஓவியரும் விரைவில் வரையக்கூடிய உருவம் வேண்டுமென்று குரியன் கேட்டார். பணமின்மையே அந்தச் சிறுமியின் அழகுக்குக் காரணமாயிற்று!

1969-இல் ஹரே ராமா இயக்கம் பம்பாயில் பரவியபோது, அந்நாமத்தின் ஓசையிலேயே 'ஹர்ரி' என்று வெண்ணெய்க்கு விரைந்து வருமாறு அழைத்தது ஒரு பலகை. ஊர்ச் செய்தியையே விளம்பரமாக்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. 1976-ஆம் ஆண்டு, நெருக்கடி நிலைக் காலம். கட்டாயக் கருத்தடை என்ற பேச்சே மக்களை அச்சுறுத்தியது. ஆங்கிலத்தில் கருத்தடைக்கும் கிருமி நீக்கத்துக்கும் ஒரே சொல். சிறுமி தாதியின் உடையில், கையில் வெண்ணெய்த் தட்டுடன் தோன்றி, தாங்கள் எக்காலத்தும் கட்டாயமாக அதைச் செய்து வருவதாக அறிவித்தாள். பலர் வாய்திறக்கத் தயங்கிய காலத்தில் ஒரு வெண்ணெய்ப் பலகை சிரித்துக்கொண்டே பேசியது.

இத்துணிவு விளம்பரக்காரருக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு பலகையையும் முன்கூட்டித் தம்மிடம் காட்டி அனுமதி பெற வேண்டியதில்லை என்று குரியன் விட்டுவிட்டார். அனுமதிக்குக் காத்திருந்தால் செய்தி பழையதாகிவிடும் அல்லவா? பணம் கொடுப்பவர் அதிகாரத்தை விட்டுக்கொடுத்தார். பணம் பெறுபவர் அந்நம்பிக்கைக்குப் பொறுப்பேற்றார். எதிர்ப்பு வந்தபோதும் இந்த ஏற்பாடு முறியவில்லை.

1990-களில் சில்வெஸ்டரின் மகன் ராகுல் டி குன்யா தலைமையேற்றார். நாடக ஆசிரியரான அவருடன் எழுத்தாளர் மனீஷ் ஜவேரி, ஓவியர் ஜயந்த் ரானே ஆகியோர் நெடுங்காலம் இணைந்து உழைத்தனர். முன்பு சில வாரங்களுக்கு ஒன்றாக வந்த சித்திரம், பின்னர் ஒரே வாரத்தில் பலவாக வரலாயிற்று. யூஸ்டஸ் 2010-இலும், குரியன் 2012-இலும், சில்வெஸ்டர் 2023-இலும் காலமாயினர். சிறுமி மட்டும் வயதேறாமல் நிற்கிறாள்.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. விளம்பரம் செய்தவர்கள் அப்பெயருக்கு உடைமையாளர் அல்லர். அது குஜராத்தின் ஏறத்தாழ 36 இலட்சம் பால் உற்பத்தியாளருடையது. விடியுமுன் எழுந்து பால் கறந்து, பாத்திரத்தைச் சுமந்து சங்கத்தின் வாசலில் வரிசையில் நிற்கும் பெண்ணை நகரத்தார் கண்டதில்லை. அவளுக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு பாலமாகச் சித்திரச் சிறுமி நின்றாள். அதே வேளையில், பலகையின் சிரிப்பை மெய்ப்பிப்பது அந்தப் பெண்ணின் பாலே. பால் கெட்டால் எந்தச் சிலேடையும் காப்பாற்றாது.

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்பது, பூவின் மணம் எட்டும் தெருவளவில் உண்மை. கடை ஓரிடத்திலும் வாங்குவோர் நானூறு கல் தொலைவிலும் இருந்தால், மணத்தைக் கொண்டுசெல்ல ஒருவர் வேண்டும். கொண்டுசெல்பவர் இல்லாத மணத்தைக் கூறினால் அது பொய். உள்ள மணத்தை உள்ளபடி, கேட்போர் மகிழுமாறு கூறினால் அது தொண்டு. பிற மாநிலத்தில், நம்மை அறியாதவர் நடுவே வாழும் நமக்கும் இது பொருந்தும். நம் திறமையை நாமே எடுத்துரைக்கத் தயங்க வேண்டியதில்லை. உரைத்தபடி செய்து காட்டினால் போதும்.