இரண்டு பேர் வாசித்தால் ஆறு பேர் வாசிப்பதாகக் கேட்பது எப்படி?

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் எல் டென் இலெவன் என்று ஒரு பேண்ட் இருக்கிறது. மேடையில் இரண்டே பேர்தான். கிறிஸ்டியன் டன் கையில் இரட்டைக் கழுத்துக் கிட்டார்: ஒரு கழுத்து பேஸ், இன்னொன்று சாதாரண கிட்டார். டிம் ஃபோகார்ட்டி டிரம்ஸும் எலெக்ட்ரானிக் டிரம் பேடுகளும் வாசிக்கிறார். பாடகர் இல்லை, லேப்டாப் இல்லை. ஆனால் நம் காதில் விழுவதோ ஆறு பேர் வாசிப்பு. இந்த வித்தைக்கு அறுபது வருஷ வரலாறு உண்டு.

1963, பாரிஸ். அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி, ஜாஸ் கலைஞர் செட் பேக்கரின் ட்ரம்பெட் மறுபடி மறுபடி ஒலிக்க வேண்டும் என்று கேட்டார். பிரெஞ்சு வானொலிப் பொறியாளர் ஒருவர் இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்குக் குறுக்கே ஒரே டேப்பை ஓடவிட்டார். முதல் எந்திரம் பதிவு செய்யும். டேப் இரண்டாவதைச் சேர்ந்ததும் அந்த ஒலி திரும்ப முதலுக்கே போகும். வாசித்ததன் மேல் வாசித்தது ஏறிக்கொண்டே போனது.

1972-இல் லண்டனில் இசையமைப்பாளர் பிரையன் ஈனோவின் வீட்டில் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் இதே ஏற்பாட்டில் கிட்டார் வாசித்தார். அடுத்த ஆண்டே அது ஆல்பமாக வந்தது. ஒரு பக்கம் முழுக்க, கிட்டத்தட்ட 21 நிமிடம், ஒரே கிட்டார்.

1999-இல் லைன் 6 நிறுவனத்தின் டி.எல்.4 என்ற பச்சைப் பெடல் வந்தது. 14 விநாடி வரை பதிவாகி மறுபடி மறுபடி சுற்றும் லூப். காலால் ஒரு மிதி, பதிவாகும். இன்னொரு மிதி, சுற்ற ஆரம்பிக்கும். இரண்டு எந்திரங்கள் செய்த வேலை காலடிக்கு வந்துவிட்டது.

இதற்குள் எல் டென் இலெவன் வாசிக்கும் வகை இசைக்கும் ஒரு பெயர் கிடைத்திருந்தது. ராக் வாத்தியங்களை வைத்தே ஒலியின் நிறத்தையும் அடுக்கையும் தேடிய குழுக்களை, 1994-இல் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் ‘போஸ்ட் ராக்’ என்றார். 2002-இல் உருவான எல் டென் இலெவன் லூப், போஸ்ட் ராக் என்ற இந்த இரண்டு ஓடைகளும் சேர்ந்த இடத்தில் நிற்கிறது. பேண்டின் பெயர் லாக்ஹீட் எல்-1011 விமானத்திலிருந்து வந்தது.

இனி நுட்பத்துக்கு வருவோம். டன் பேஸில் ஒரு வரி வாசித்து லூப்பில் விடுகிறார். அதன்மேல் கிட்டார், அதன்மேல் இன்னொரு கிட்டார். லூப் யாருக்காகவும் வேகம் மாற்றாது. சுருதிப்பெட்டி மாதிரி தன்பாட்டுக்கு ஓடும். அதனால் ஃபோகார்ட்டிதான் அதன் காலத்தைப் பிடித்துக்கொண்டே வாசிக்க வேண்டும். மிதி கொஞ்சம் பிசகினால் அந்தப் பிசகும் சேர்ந்து சுற்றும்.

லூப் ஓடும்போது அடிப்படைச் சுரங்களைச் சுலபமாக மாற்ற முடியாது. பல்லவி, சரணம் என்று தாவுவதும் எளிதல்ல. அப்படியானால் பாட்டை எதை வைத்து நகர்த்துவது? அடுக்கைக் கூட்டலாம், குறைக்கலாம், சட்டென்று வெட்டலாம். சன்னமாகத் தொடங்கி உச்சத்துக்கு ஏறும் போஸ்ட் ராக்குக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. பெடல் மூன்றாவது ஆளின் வேலையை மட்டும் செய்யவில்லை, பாட்டின் வடிவத்தையே தீர்மானிக்கிறது.

2007-இல் கேரி ஹஸ்ட்விட் எழுத்துருவைப் பற்றி எடுத்த ‘ஹெல்வெட்டிகா’ ஆவணப்படம், அதில் ஒலித்த இவர்கள் இசையைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. முதலில் 2004-இல் வந்த அறிமுக ஆல்பத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு அடுக்கும் எந்த இடத்தில் நுழைகிறது, எது முதலில் விலகுகிறது என்று எண்ணிக்கொண்டே போனால், பாட்டின் கட்டுமானம் முழுக்கப் பிடிபடும்.