வார்டில் இருக்கும் தாய்க்கு இரவுச் சாப்பாடு

(மாதக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



ஜும்ஆ முடிந்ததும் மருத்துவமனை வாசலில் நாம் கொடுக்கும் பிரியாணிப் பொட்டலம் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பிவிடுவோம். போன மாதம் குழந்தைகள் வார்டுக்குள் போய்ப் பார்த்தபோதுதான் உறைத்தது: நாம் தேடும் ஆள் வாசலுக்கு வருவதே இல்லை.

திருவொற்றியூரிலிருந்து வந்த ஒரு தாய். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கையில் டிரிப்ஸ். அவனை விட்டுவிட்டு வரிசையில் வந்து நிற்க முடியுமா? "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "புள்ள மிச்சம் வச்சா சாப்பிடுவேன் பாய்" என்றார். பிள்ளை தேறத் தேற மிச்சம் குறையும். தாயின் சாப்பாடும் குறையும்.

படுத்திருக்கும் நோயாளிக்கு அரசு மருத்துவமனையில் உணவு உண்டு. உடனிருப்பவர் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். 2013-இல் வந்த அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம். பெரிய உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கும் படியிறங்கிப் போக வேண்டுமே! கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளைச் சேர்க்கும் மறுவாழ்வு மையங்களில் தாய்க்கும் உணவு, இழந்த கூலிக்கு ஈட்டுத்தொகை என்று மத்திய அரசின் 2011 வழிகாட்டுதல் சொல்கிறது. நிமோனியா என்று வந்த பிள்ளையின் தாய்க்கு மட்டும் வயிறு இல்லையா?

வீட்டு நிலையையும் பாருங்கள். துறைமுகத்தில் லோடு இறக்குபவருக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. காசிமேட்டு விசைப்படகில் போகிறவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதில் பெரும்பகுதி கோடை விடுமுறை. மூத்த பிள்ளைகளுக்குப் பள்ளியின் காலை உணவும் இல்லை, சத்துணவும் இல்லை. அந்த நேரத்தில் சின்னவன் ஆஸ்பத்திரியில் படுத்தால்? டிஸ்சார்ஜுக்கு முன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறவர்கள் உண்டு. மருந்து இலவசம்தான். தங்கிச் சாப்பிடத்தான் காசில்லை.

ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்போரைக் குர்ஆனின் 76-ஆம் அத்தியாயம் புகழ்கிறது. மதரஸாவில் ஓதிய காலத்தில் கைதி என்றால் சிறைக்கம்பிதான் எனக்கு ஞாபகம் வரும். இப்போது அந்தக் கட்டிலும் ஞாபகம் வருகிறது.

ஆகவே வெள்ளிக்கிழமை பிரியாணியைப் பாதியாகக் குறைக்கிறோம். (பரக்கத் போய்விடும் என்றார் ஒரு பெரியவர். போகாது, இன்ஷா அல்லாஹ்.) அந்தப் பணத்தில் தினமும் இரவு இருபது பேருக்கு இட்லியோ சப்பாத்தியோ, நர்ஸம்மாவின் அனுமதியோடு வார்டுக்குள்ளேயே போகும். பிள்ளைக்கு நாம் எதுவும் கொடுக்கக் கூடாது. அது டாக்டர் சொல்கிறபடி. யார், எந்த மதம் என்று கேட்கக் கூடாது. ஜகாத்துக்குத் தனி நிபந்தனைகள் உண்டு என்பதால் சதகா கணக்கிலிருந்தே எடுக்கிறோம். போட்டோ வேண்டாம்.

கொண்டுபோய்க் கொடுக்கப் பெண்கள் நான்கு பேர் தேவை. வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளும் வேண்டும். இஷாவுக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.