ஒரு சீர் குறைந்த அடி



"இன்ஜினீயருக்கு யாப்பு எதுக்குப்பா?" என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. பள்ளியில் அசை பிரித்து மார்க் வாங்கியதோடு அதை மறந்தவன்தான் நானும்.

புறநானூற்றில் 243-ஆம் பாட்டு. ஒரு முதியவரின் புலம்பல். பாடியவரின் இயற்பெயர் தெரியாது. பாட்டில் வரும் ஊன்றுகோலை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம்.

மொத்தம் 14 அடி, நேரிசை ஆசிரியப்பா. அடிக்கு நான்கு சீர். ஈற்றயலடிக்கு மட்டும் மூன்று. இது இலக்கணம்.

மருதமரக் கிளையேறி, கரையில் நிற்பவர் மிரள, மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்த இளமை, வினையெச்சமாக அடுக்கிக்கொண்டு பத்தாம் அடிவரை ஓடுகிறது. மூச்சுவிட இடமில்லை. பத்தாம் அடியையும் பதினோராம் அடியையும் 'ளி' என்ற எதுகை கட்டுகிறது: முன்னதில் முங்கிய ஆட்டம், பின்னதில் இரக்கம்.

சரி, அந்தச் சீர் குறைந்த அடியில் கிழவர் எதை வைத்தார் தெரியுமா? இருமலுக்கு நடுவே வரும் சில சொற்களை! சொல் குறையும் இடத்தில் சீரும் குறைகிறது.

படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. எங்க ஊர்க் கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்தவர். இப்போது போனில் ரெண்டு வார்த்தை, உடனே இருமல். அந்த இடைவெளியில் "சரிப்பா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவேன்.

இப்போதெல்லாம் வைப்பதில்லை. இருமி முடியட்டும் என்று காத்திருக்கிறேன். பாட்டும் அந்தக் குறை அடியோடு முடியவில்லையே! இன்னும் ஓர் அடி, முழுசாக நான்கு சீரோடு, பாக்கி இருக்கிறது.